மால்ட் பாகா, மால்ட் தூளா? பீர் கிட் வாங்கும் முன் டின்னின் அடியைப் பாருங்கள்

[மேசை மேல் ஒரு மூடி போட்ட டப்பா, ஒரு திறந்த கிண்ணம். கேமரா நெருங்குகிறது.]

வணக்கம். நேற்று இரவு ஒன்பது மணிக்கு இரண்டிலும் ஒரே தூளை இரண்டிரண்டு ஸ்பூன் போட்டேன். டப்பாவை இறுக்கி மூடினேன். கிண்ணத்தை மாம்பலத்தில் என் சமையலறை ஜன்னலோரம் திறந்தே வைத்தேன். ஐப்பசி மாதம், வெளியே விடாத மழை. இப்போது டப்பாவைத் திறக்கிறேன். ஊதினால் பறக்கிறது. இதோ கிண்ணம்...

[ஸ்பூனால் தட்டும் சத்தம்]

கேட்கிறதா? கல். ஓரத்தில் விரலை வைத்தால் மிட்டாய் மாதிரி ஒட்டுகிறது.

இதுதான் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் டி.எம்.இ. என்பார்கள். பக்கத்து பாட்டிலில் இருக்கும் பாகு எல்.எம்.இ., அதாவது திரவ மால்ட் எக்ஸ்ட்ராக்ட். மெல்போர்னில் வேலை பார்க்கும் என் அக்கா பையன் போன வாரம் கடையில் நின்றுகொண்டே போன் செய்தான். "சித்தி, கிட் எடுத்துட்டேன். கூட ஒரு கிலோ மால்ட் போட்டா நல்லா இருக்கும்னு சொல்றாங்க. பாகும் இருக்கு, பவுடரும் இருக்கு. எதை வாங்கட்டும்?" கிட் என்றால் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கென்று மால்ட் பாகு அடைத்து விற்கும் டின். நான் மால்ட்டை ரொட்டிக்கும், பேகல் என்ற வளைய ரொட்டிக்கும் வாங்குகிறவள். ஆனால் கேள்வி அருமையான கேள்வி. அதற்குத்தான் இந்த வீடியோ.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்ச அனுமதி இல்லை. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே சென்னையில் இருப்பவர்கள் தயவுசெய்து முயற்சி செய்யாதீர்கள். மெல்போர்ன், லண்டன், டொராண்டோ என்று அனுமதி உள்ள ஊர்களில் இருக்கிற நம் ஆட்களுக்குத்தான் கிட் பற்றிய பகுதி. மால்ட் பற்றிய பகுதி எல்லோருக்கும்.

சரி, மால்ட் என்றால் என்ன? நம் வீட்டில் தெரியாத விஷயமே இல்லை. கேழ்வரகை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை விட்டதும் காயவைத்து, லேசாக வறுத்து அரைப்போமே, அந்த ராகி மால்ட்தான். முளைக்கும்போது தானியத்துக்குள் அமைலேஸ் என்ற நொதி பெருகுகிறது. அது மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரை ஆக்கும். இதை நீங்களே பார்க்கலாம். சாதாரணக் கேழ்வரகு மாவில் ஒரு கஞ்சி, முளைகட்டிய மாவில் ஒரு கஞ்சி, இரண்டிலும் அதே அளவு மாவு, அதே அளவு தண்ணீர். சாதாரண மாவுக் கஞ்சி களி மாதிரி இறுகும். முளைகட்டியது நீர்த்து ஓடும், சர்க்கரை போடாமலே லேசாக இனிக்கும். கைக்குழந்தைக்கு முளைகட்டிய மாவைத்தான் கொடுக்க வேண்டும் என்று நம் பாட்டிமார் பிடிவாதம் பிடித்ததன் அருமை அந்தக் கரண்டியிலேயே தெரியும். எனக்கு இதைப் பார்க்கப் பார்க்க அலுக்கவே அலுக்காது.

பீருக்குக் கேழ்வரகுக்குப் பதில் பார்லி. முளைகட்டிய பார்லியை உடைத்து, சுமார் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்புச் சாறு கிடைக்கும். அதை வடிகட்டி, அழுத்தம் குறைந்த கலனில் தண்ணீரை வற்றவைத்தால் பாகு. அந்தச் சாற்றையே சூடான காற்றுக்குள் பனி மாதிரித் தெளித்து உலர்த்தினால் தூள். பால் பவுடர் தயாராவதும் இதே முறையில்தான். ஆக இரண்டும் ஒரே சாறுதான். வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது.

எவ்வளவு தண்ணீர்? பாகில் கிட்டத்தட்ட 20 சதவீதம். தூளில் 2, 3 சதவீதம்தான். ஆஸ்திரேலியாவில் வழக்கமாகக் கிடைக்கும் கிட் டின் 1.7 கிலோ. அதில் சுமார் 340 கிராம், ஒரு பெரிய டம்ளர் நிறைய, வெறும் தண்ணீர். அதனால் ஒரு கிலோ தூள் கேட்கிற இடத்தில் பாகு ஊற்றுவதென்றால் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ வேண்டும். கடையில் விலைச்சீட்டு பார்க்கும்போது இந்தக் கணக்கை மறக்காதீர்கள். கிலோவுக்குக் கிலோ ஒப்பிட்டால் தூள் விலை கூடுதலாகத் தெரியும், தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் அந்த இடைவெளி சுருங்கிவிடும்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் இடத்துக்கு வருகிறேன். வயது.

[இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் வைக்கோல் நிறம், ஒன்றில் தேன் நிறம்.]

இரண்டும் 'லைட்' என்று எழுதியிருக்கும் மால்ட் பாகு, வெந்நீரில் ஒரே அளவு கரைத்தது. இடது பக்கம் இருப்பது சென்ற மாதம் வாங்கியது. வலது பக்கம் என் அலமாரியில் ஒரு கோடையைத் தாண்டியது. சித்திரை வெயில், மேல் தட்டு, அடுப்புக்குப் பக்கத்துச் சுவர். நிறத்தைப் பாருங்கள்!

சர்க்கரையும் அமினோ அமிலமும் ஒன்றோடொன்று வினைபுரிந்து பழுப்பாகின்றன. இதை 1912இல் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார். முறுகல் தோசையின் பழுப்புக்கும் பால்கோவாவின் நிறத்துக்கும் இதுவே காரணம். தோசைக்கல்லில் நொடிகளில் நடப்பது மால்ட் டின்னுக்குள் மாதக்கணக்கில் மெதுவாக நடக்கிறது. பாகில் ஈரம் இருப்பதால் அங்கே வேகம் அதிகம், சூடு ஏறினால் இன்னும் அதிகம். தூளில் ஈரம் மிகக் குறைவு, அதனால் அது அப்படியே தாக்குப்பிடிக்கும்.

நிறம் மட்டும் மாறினால் பரவாயில்லை, சுவையும் மாறும். என் அக்கா பையனின் முதல் கிட் அப்படித்தான் போனது. தள்ளுபடியில் வாங்கிய டின், தேதி தாண்டியிருந்ததை அவன் கவனிக்கவில்லை. வெளிர் பீர் வர வேண்டிய இடத்தில் செம்பழுப்பாக வந்தது. "அடி நாக்குல பழைய வெல்லப்பாகு மாதிரி ஒரு ருசி நிக்குது சித்தி" என்றான். அவன் ஈஸ்ட்டைக் குறை சொன்னான், தண்ணீரைக் குறை சொன்னான். குறை டின்னில் இருந்தது. கிட் பீர் என்றாலே ஒரு மாதிரிதான் இருக்கும் என்று பலர் சொல்வதற்கு இந்தப் பழைய பாகு ஒரு பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். டின்னைக் கவிழ்த்துத் தேதியைப் பாருங்கள். புதிய பாகு, பழைய தூளுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

சரி, நான் அவனிடம் என்ன சொன்னேன்? கிட் டின்னே பாகுதான். பெரும்பாலும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பும் அதிலேயே சேர்ந்திருக்கும். அதை மாற்ற வேண்டியதில்லை. கூடச் சேர்க்கும் ஒரு கிலோவைத் தூளாக வாங்கு என்றேன். கணக்கும் சொல்கிறேன். 1.7 கிலோ பாகு, ஒரு கிலோ தூள், மொத்தம் 23 லிட்டர் வரும்படி தண்ணீர். ஆரம்ப அடர்த்தி, அதாவது புளிக்கும் முன் சாறு தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்ற எண், சுமார் 1.038. தூளுக்குப் பதில் ஒரு கிலோ டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை போட்டாலும் கிட்டத்தட்ட இதே எண்தான் வரும். ஆனால் அந்தச் சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்று தீர்த்துவிடும், பீர் தண்ணீராக நிற்கும். மால்ட்டில் ஒரு பங்கு புளிக்காமல் தங்கும், வாயில் கனம் தரும். காசு மிச்சம் பிடிக்க இது இடமில்லை.

இன்னொரு வசதி, தூளைத் தராசில் எடை போட்டு 100 கிராம் எடுக்கலாம், மீதியை மூடி வைக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் தூள் என்பது ஈஸ்ட்டை முன்கூட்டியே எழுப்பிவிடச் சரியான கரைசல். பாகில் இதைச் செய்துபாருங்கள்: கரண்டி, தராசு, மேசை, முழங்கை எல்லாம் பிசுபிசுக்கும்.

தூளைக் கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே பிடித்துக் கொட்டாதீர்கள். ஆவி பட்டதும் பையின் வாயிலேயே கட்டியாகும், தண்ணீரில் விழுந்தால் கோதுமை மாவுக் கட்டி மாதிரி உருளும். ரவை உப்புமா கிளறுகிற நிதானம் வேண்டும். முதலில் குளிர்ந்த தண்ணீரில் கரைத்துக்கொள்வது இன்னும் நல்லது. கொதி வரும்போது நுரை பால் மாதிரிப் பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

அப்புறம் நம் ஊர் பேக்கரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பாரிமுனைப் பக்கம் 'மால்ட் பவுடர்' என்று கேட்டால் வேறு வேறு பொருளை எடுத்துக் கொடுப்பார்கள். பாலும் சர்க்கரையும் கலந்த பானத் தூள் வேறு, நொதி உயிரோடு இருக்கும் மால்ட் மாவு வேறு, இந்த உலர் எக்ஸ்ட்ராக்ட் வேறு. உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

பாகு வாங்கியவர்களே, டின்னைத் திறக்கும் முன் பத்து நிமிடம் வெந்நீரில் நிறுத்துங்கள், இளகி ஓடும். அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றிக் கிளறுங்கள். எரியும் அடுப்பில் ஊற்றினால் நேராக அடிக்குப் போய்ப் பிடித்துக்கொள்ளும்.

[வெறும் டின்னைச் சாய்த்துக் காட்டுதல்]

காலியாகிவிட்டது என்று நினைப்பீர்கள். பாருங்கள், சுவரெல்லாம் எவ்வளவு ஒட்டியிருக்கிறது. நெய் டப்பாவில் சூடான சோற்றைப் போட்டு ஒரு புரட்டு புரட்டுவோமே, அதே போல அரை டின் வெந்நீர் விட்டு, துணியால் பிடித்துச் சுழற்றி, அந்தத் தண்ணீரையும் பாத்திரத்திலேயே ஊற்றிவிடுங்கள். பிறகு டின்னைக் கவிழ்த்து அடியில் இருக்கும் தேதியைப் படம் எடுத்து, நீங்கள் இருக்கும் ஊர் பெயரோடு எனக்கு அனுப்புங்கள். எந்த ஊரில் புதிய பாகு கிடைக்கிறது என்று அடுத்த வீடியோவில் எல்லோருக்கும் சொல்கிறேன்.