நாலு கோடி இலக்க பகா எண்ணும் இரண்டு ரூபாய் பிரிண்டும்

வணக்கம் மக்களே. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு வந்தது: உலகின் மிகப் பெரிய பகா எண்தான் உங்கள் ஏடிஎம் பின் நம்பரைக் காக்கிறதாம். கோபம் கோபமாக வருகிறது. ரகசியச் சாவிக்கு யாருக்கும் தெரியாத பகா எண்கள்தான் வேண்டும், அதுவும் முந்நூறு இலக்கம் இருந்தாலே போதும். இது ஊருக்கே தெரிந்த எண். இதை வைத்து எதைப் பூட்டுவது?

எண் இதுதான்: 2-ஐ 13,62,79,841 தடவை பெருக்கி, ஒன்று கழியுங்கள். மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் என்பவர் கண்டுபிடித்தார்.

எனக்கு எதையும் தாளில் பார்த்தால்தான் திருப்தி, அது உங்களுக்கே தெரியும். பென் டிரைவில் போட்டுக்கொண்டு வண்ணார்பேட்டை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். பொடி எழுத்தில் பக்கத்துக்கு ஐயாயிரம் இலக்கம் என்றால் 8,205 பக்கம். பக்கம் ஒரு ரூபாய். அண்ணாச்சி, "மொத்தமா எடுத்தா முக்கால் ரூவா போட்டுத் தாரேன் தம்பி" என்றார். நல்ல மனுஷர். ஆனால் அப்போதும் ஆறாயிரத்துக்கு மேல் ஆகிறது, ஆறாயிரம்! முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் மட்டும் போதும் என்று இரண்டு ரூபாயோடு முடித்தேன்.

கடைசித் தாள் வெளியே வருவதற்குள் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 2-இன் அடுக்குகளில் கடைசி இரண்டு இலக்கம் இருபது படிக்கு ஒரு முறை திரும்பி வரும். நம் அடுக்கை 20-ஆல் வகுத்தால் மீதி 1. அதனால் 21-ஆம் அடுக்கைப் பார்த்தால் போதும்: 20,97,152. முடிவு 52, ஒன்று கழித்தால் 51. தாள் வந்தது. கடைசியில் 51! அண்ணாச்சியிடமே காட்டிவிட்டேன்.

அப்புறம், முக்கியமானதை விட்டுவிட்டேன். 2-இன் அடுக்கில் ஒன்று கழித்தால் வருவது பகா எண்ணாக இருக்க, அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. 2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தால் 2047. அது 23 பெருக்கல் 89, உடைந்துவிட்டது. உறுதி செய்ய லூக்காஸ்–லேமர் சோதனை இருக்கிறது. இதைவிட அழகான சோதனையை நான் பார்த்ததில்லை. 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து, 2 கழித்து, நம் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ள வேண்டும். 2-இன் 5-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 31-க்குப் போடுவோம், அடுக்கில் இரண்டு குறைத்து மூன்று தடவை: 4, 14, அடுத்தது 194, மீதி 8. எட்டின் வர்க்கம் 64, இரண்டு போனால் 62, மீதி பூஜ்யம். பகா எண்! அந்தப் பெரிய எண்ணுக்கும் இதே வேலைதான், 13,62,79,839 தடவை. முதல் தடயம் அயர்லாந்தின் டப்ளினில் ஓடிய கிராஃபிக்ஸ் கார்டில் கிடைத்தது. மறுநாள் டெக்சாஸில் இன்னொரு கார்டு இந்தச் சோதனையைப் போட்டு உறுதி செய்தது.

நீங்கள் 127-க்குப் போட்டுப் பாருங்கள், ஐந்தே படி. நடுவில் 67, 42, 111 வர வேண்டும். 111 வரவில்லையென்றால் கழித்தலில் பிசகியிருக்கும், 42-இலிருந்து திரும்பப் போடுங்கள்.