இளவேனில் காட்டுக் கீரைகளை உறையவைத்துக் காத்தல்

நேயர்களுக்கு வணக்கம். பனி உருகும் குளிர்நாடுகளில், இளவேனிலின் சில வாரங்களுக்குள் காட்டோரத்திலும் ஓடைக்கரையிலும் தாமே முளைத்து, பறிப்பாரில்லாவிட்டால் தாமே முற்றிப்போகும் கீரைகளும் குருத்துகளும் பல உண்டு. தொட்டால் தோலை அரிக்கும் நெட்டில் கொழுந்து, காட்டுப்பூண்டின் இலை, சுருள் விரியாத பெரணிக் குருத்து ஆகியவை அவற்றுள் சில. இவற்றைப் பின்னாளுக்கு வைத்துக்கொள்ள விரும்புவோர் பெரும்பாலும் ஃப்ரீசரின் குளிரையே முழுதாக நம்புகிறார்கள். ஆனால் பறித்ததற்கும் ஃப்ரீசரில் வைப்பதற்கும் இடைப்பட்ட நேரத்தில் நாம் செய்வதே சுவையையும் பாதுகாப்பையும் தீர்மானிக்கிறது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் நுண்ணுயிர்கள் பெருகுவது நின்றுவிடுகிறது. எனினும் அவை அனைத்தும் இறப்பதில்லை. இலைக்குள் இருக்கும் நொதிகளோ அந்தக் குளிரிலும் மெல்ல மெல்ல வேலை செய்துகொண்டே இருக்கின்றன. பச்சையாக உறையவைத்த கீரை சில மாதங்களில் நிறம் மங்கி வைக்கோல் வாடை வீசுவதற்கு அவையே காரணம். ஆகவே முதலில் கீரையைக் கொதிநீரில் இட்டெடுக்க வேண்டும். அரைக் கிலோ கீரைக்கு எட்டு லிட்டர் அளவில் தாராளமாக நீர் வைத்து, கீரையைப் போட்ட பின் நீர் மறுபடி கொதிக்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு நிமிடம் கணக்கிட்டு, உடனே பனிக்கட்டி நீருக்கு மாற்ற வேண்டும். அவசரத்தில் நேரத்தைக் குறைப்பது, இட்டெடுக்காமலே விடுவதைவிடக் கேடானது. ஏனெனில் அரைகுறைச் சூடு நொதிகளை அழிக்காமல் தூண்டிவிடுகிறது. நெட்டிலின் அரிப்பும் இந்தக் கொதிநீரிலேயே போய்விடும்.

ஆறிய கீரையை நன்றாகப் பிழிந்து, உறையில் மெல்லிய தட்டையாகப் பரப்பிக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். மைனஸ் 1 டிகிரிக்கும் மைனஸ் 5 டிகிரிக்கும் இடையில் உணவு எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்குப் பனிப்படிகங்கள் பெரிதாகி, செல் சுவர்களைக் கிழித்துவிடும். உருண்டையாகத் திரட்டி வைத்த கீரை மெதுவாக உறைவதால், உருகும்போது குழைந்து நீர் விடுவது இதனால்தான்.

காட்டுப்பூண்டு இலைக்கு மட்டும் வேறு வழி தேவைப்படுகிறது. இலையை நறுக்கும்போது அதிலுள்ள ஒரு நொதிதான் பூண்டு மணத்தை உண்டாக்குகிறது. கொதிநீர் அந்த நொதியை அழித்தால் மணமும் இல்லாமற்போகும். எனவே அதைப் பச்சையாகவே நறுக்கி, எண்ணெயில் கலந்து, தாமதமின்றி ஃப்ரீசரில் வைப்பதே நல்லது. எண்ணெயில் கலந்த பூண்டை அறை வெப்பத்தில் விட்டுவைத்தால் போட்டுலிசம் எனும் கொடிய நோயைத் தரும் நஞ்சு உருவாக இடமுண்டு என்பதால், இதில் தாமதம் கூடாது.

இதைவிடக் கவலையளிப்பது, குளிர் நஞ்சையும் போக்கிவிடும் என்ற தவறான எண்ணம். காட்டுப்பூண்டைப் போலவே தோன்றும் லில்லி ஆஃப் தி வேலி இலை இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையது. பூண்டைப் பறித்த விரலில் மணம் ஒட்டிக்கொள்வதால் முகர்ந்து பார்ப்பதும் சில நேரம் ஏமாற்றும். நறுக்கி உறையவைத்த பிறகோ எதையும் பிரித்தறிய முடியாது. ஒவ்வோர் இலையையும் பறிக்கும் இடத்திலேயே பார்த்தறிவதைத் தவிர வேறு வழியில்லை.

பெரணியிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 1994இல் நியூயார்க்கிலும் மேற்குக் கனடாவிலும், ஆஸ்ட்ரிச் பெரணியின் குருத்தைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்டவர்கள் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் அவதியுற்றனர். உறையவைப்பதற்கு முன் கொதிநீரில் இட்டெடுக்கும் இரண்டு நிமிடம் சமையல் ஆகாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த குருத்தை மீண்டும் 15 நிமிடம் நீரில் கொதிக்கவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்ட பிறகே உண்ண வேண்டும். ஆதலால் உறையின்மீது பெயரையும் தேதியையும் எழுதும்போது, “முழுதாக வேகவைக்கவும்” என்பதையும் எழுதிவையுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு மாதம் கழித்து அதை எடுத்துச் சமைப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.