இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறினால்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னை புதுப்பேட்டைப் பக்கம் ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். கழற்றிப் போட்ட வண்டியின் கதவுக்கு ஒரு கடை, கண்ணாடிக்கு ஒரு கடை, என்ஜினுக்கு ஒரு கடை. அந்தச் சந்துகளில் முப்பது வருஷமாக நான் தேடிப் போவது ஒன்றைத்தான்: டேஷ்போர்டு மீட்டர். கறுப்பு டப்பா, வெள்ளை எழுத்து, ஒரு முள். மணி காட்டாத கடிகாரம் எங்கள் வீட்டில் நாற்பது இருக்கிறது என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

பழைய மீட்டர் தேடி என்னிடம் வருகிற பல பேருக்கு மீட்டரே தேவைப்படாது. வண்டியில் இருப்பது நன்றாகத்தான் இருக்கும். கெட்டுப்போனது எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போக வண்டியின் இரும்பு பாடியோடு சேர்க்கிற இணைப்பு. எர்த் என்ற வார்த்தையை இன்று பல தடவை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நண்பர் அறுபதுகளில் வந்த இங்கிலீஷ் கார் ஒன்று வைத்திருந்தார். என்ன கார் என்று சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும், வேண்டாம். குடும்பத்தோடு திண்டிவனம் போகும் வழியில் வண்டி நின்றுவிட்டது. பெட்ரோல் முள் இன்னும் காலி என்று காட்டுகிற 'E' எழுத்தைத் தொடவில்லை, டேங்கோ சுத்தமாகக் காலி. மீட்டர் போச்சு என்று பழசு ஒன்று வாங்கி மாட்டினார். அதுவும் அப்படியே. இன்னொன்று வாங்கினார். மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"டெம்பரேச்சர் முள் எப்படி இருக்கு சார்?" என்றேன்.

"அதுவும் ஏறித்தான் நிக்குது. ரேடியேட்டரைத் தொட்டா ஒண்ணும் இல்லே."

அங்கேயே விஷயம் புரிந்துவிட்டது. அந்தக் கால இங்கிலீஷ் வண்டிகள் பலவற்றில் டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு தகர டப்பா இருக்கும். வோல்டேஜ் ஸ்டெபிலைசர். வீட்டு இஸ்திரிப் பெட்டி சூடானதும் தானே அணைந்து மறுபடி எரிகிறதே, அதே வேலைதான். பேட்டரியின் 12 வோல்ட்டை விட்டு விட்டு அனுப்பி, சராசரியில் 10 வோல்ட் ஆக்கிவிடும். பெட்ரோல், டெம்பரேச்சர் இரண்டுக்கும் அதிலிருந்துதான் கரண்ட். உள்ளே இருக்கிற சுருள் சூடாகித் தகட்டை வளைத்தால்தான் கரண்ட் துண்டாகும். சுருள் சூடாக எர்த் வேண்டும். எர்த் இல்லையா, தகடு வளையாது, முழு வோல்ட்டும் மீட்டருக்குப் போகும். இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறி நிற்கும்.

நண்பர் மூன்று மாதம் முன்பு டேஷ்போர்டுக்கு ஆசை ஆசையாகப் பெயின்ட் அடித்திருந்தார். ஸ்டெபிலைசர் திருகுக்கு அடியிலும் பெயின்ட்! உப்புத்தாளால் ஒரு ரூபாய் அளவுக்குச் சுரண்டித் திருகை முடுக்கினேன். மூன்று மீட்டருமே சரியாகக் காட்டின. பெட்ரோல் முள் மட்டும் ஏறினால் அந்த மீட்டரையோ, டேங்குக்குள் பெட்ரோல் அளவைப் பார்த்து மீட்டருக்குச் சொல்கிற டேங்க் யூனிட்டையோ பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் எர்த்.

கடையில் பேட்டரி வயரை நேராகத் தொட வைத்து, "முள்ளு ஏறுது பாரு சார்" என்று காட்டுவார்கள். இந்த வகை மீட்டரை அப்படிப் பார்க்க விடாதீர்கள், சுருள் கருகிவிடும். வண்டியிலேயே பார்க்கலாம். சாவியை அணைத்துவிட்டு, டேங்க் யூனிட் வயரைக் கழற்றி பாடியில் சேர்த்துக் கட்டுங்கள், பிறகு சாவியைப் போடுங்கள். பெட்ரோல் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது, அதனால்தான் இந்த வரிசை. முள் மெதுவாக ஃபுல்லை நோக்கிப் போனால் மீட்டரில் குறையில்லை. பார்த்ததும் அணைத்துவிடுங்கள்.

டேங்க் யூனிட்டும் மீட்டரும் ஒரே ஜாதியாக இருக்க வேண்டும். யூனிட்டின் மின் தடை அமெரிக்க வகையில் காலி டேங்குக்கு 240 ஓம், நிறைந்தால் 33. ஐரோப்பிய வகை ஒன்றில் காலிக்கு 10, நிறைந்தால் 180. மாற்றி மாட்டினால் காலி டேங்க் ஃபுல் காட்டும்.

துடைக்கிற விஷயம். முதல் மீட்டரை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். கண்ணாடி பளபளத்தது, அதே பஞ்சை டயல் மேலும் ஓட்டினேன். 40-ம் 50-ம் பஞ்சோடு வந்துவிட்டன. அந்த மீட்டர் இன்னும் என் மேஜையில் இருக்கிறது, 30-க்கு அடுத்து 60. டயலுக்குக் காய்ந்த தூரிகை போதும். இருட்டில் ஒளிர்ந்த மிகப் பழைய விமான மீட்டர் கிடைத்தால் திறக்கவே வேண்டாம், அந்தப் பெயின்டில் ரேடியம் இருக்கலாம்.

ஸ்பீடோமீட்டர் என்றால், வண்டி ஓட ஓடச் சுற்றி அதை இயக்குகிற கேபிள் எத்தனை சுற்றுக்கு ஒரு மைல் என்ற எண் பல டயல்களில் பொடி எழுத்தில் இருக்கும். உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று பார்க்க, மீட்டர் பக்கம் கேபிளைக் கழற்றி, நுனியில் ஒரு அட்டைத் துண்டு செருகி, வண்டியை நேராக 52 அடி 10 அங்குலம் தள்ளுங்கள். அட்டை எத்தனை சுற்று சுற்றியதோ அதை நூறால் பெருக்குங்கள். கிலோமீட்டர் டயலா, பத்து மீட்டர் தள்ளினால் போதும். ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துத் தரச் சொல்லியும் ஆள் வரும். அந்த வேலைக்கு நான் ஆள் இல்லை.

ஆயில் பிரஷர் மீட்டரைப் பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன், நேரம் ஆயிற்று என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஆம்ப் மீட்டரை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ட்டர் தவிர வண்டியின் கரண்ட் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் போகும். நட்டு தளர்ந்தால் வயர் உருகும். டைனமோவை எடுத்துவிட்டு, அதைவிட அதிகக் கரண்ட் தருகிற ஆல்டர்னேட்டர் போட்டவர்கள் பழைய 30 ஆம்ப் மீட்டரை அப்படியே விடாதீர்கள். எதைத் தொடுவதற்கு முன்னாலும் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். வணக்கம்.