எட்டு நாள் கணக்கு

தலைவர் அண்ணாச்சி அவர்களே, பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு ஒன்பதாம் வகுப்பில் தமிழ் சொல்லித்தந்து இன்று முன்வரிசையில் இருக்கும் ஐயா அவர்களே, மைக் செட் தம்பி உட்பட எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. வீட்டில் ஏற்கெனவே பதினேழு கிடக்கிறது. அடுத்த தடவை புத்தகமாகக் கொடுங்கள்.

துப்பறியும் கதைக்குக் காலம், இடம், காரணம் மூன்றும் வேண்டும். மூன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு பழமொழி: கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. என் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது. கொலைகாரன் மாட்ட எட்டு நாள் ஆகும். எழுதுகிறவன் மாட்ட எட்டுப் பக்கம் போதும்.

காலம் என்றால் கடிகாரம் மட்டுமல்ல. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது; கொலைக்குப் பிரிவு 302 இல்லை, 103. அதற்கு அப்புறம் நடந்த கொலைக்கு நம் கதை ஏட்டையா 302 போட்டால் கதை அங்கேயே செத்தது. சரி.

இடத்துக்கு வருகிறேன். ஒரு கதையில் திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயில் பக்கம் தாமிரபரணி ஆற்று மணலில் ஒரு பிணம், பக்கத்தில் செருப்புத் தடம். மழை இருந்தால் கொலைக்கு ஒரு களை வரும் என்று மாதத்தை ஐப்பசி ஆக்கினேன். புத்தகம் வந்து கொஞ்ச நாள் கழித்து, எங்கள் கிளை நூலகத்தில் அதை யாராவது எடுத்திருக்கிறார்களா என்று புரட்டினேன். எல்லா எழுத்தாளரும் செய்கிற வேலைதான், வெளியே சொல்வதில்லை. அந்தப் பக்கத்து ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: 'ஐப்பசியில் அங்கே மணலே இல்லை.'

விடுவேனா? 'லை'யைப் பார்த்தேன். மேலே தும்பிக்கை வளைத்த பழைய லை! 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் எழுதப் படித்த கை. பதிவேட்டில் நாலு பேர். மூன்று பேர் கல்லூரிப் பிள்ளைகள். மிச்சம் ஒரு டீச்சர் ஆச்சி, ஓய்வுபெற்றவர், பிறந்த வீடு குறுக்குத்துறை. போய்க் கதவைத் தட்டினேன். மறுக்கவே இல்லை.

"ஏய்யா, வெள்ளம் வந்தா உற்சவரையே மேலக்கோயிலுக்குத் தூக்கிட்டுப் போயிருவாவ. நீரு பொணத்தக் கொண்டு அங்க காயப்போட்டிருக்கீரே!"

கெட்டிக்காரன் புளுகு!

அந்த ஆச்சி சாயங்காலந்தோறும் நடந்துபோய்ப் படித்த நூலகம் இப்போது சாயங்காலம் பூட்டிக் கிடக்கிறது. 1948-லேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். வேலைவிட்டு ஆள் வருகிற நேரத்தில் கதவில் பூட்டு. 'அடுத்த மாசம் நேரத்தைக் கூட்டுவோம்' என்கிற பேச்சு மட்டும் எட்டு நாள் கணக்கையும் தாண்டி எட்டு மாசமாக ஓடுகிறது. பேரூராட்சித் தலைவர் அம்மா கோபிக்கக் கூடாது, உங்களைச் சொல்லவில்லை.

காரணத்தைப் பற்றிப் பேச நேரமில்லை, அண்ணாச்சி மணி பார்க்கிறார். வாசல் மேசையில் மனு இருக்கிறது. நான் எழுதியதில் ரெண்டு பிழையை ஆச்சி பென்சிலில் திருத்தியிருக்கிறார். நீங்கள் பேனாவில் கையெழுத்துப் போடுங்கள்.