செவ்வாயிலிருந்து வந்த சீட்டு

நேயர்களுக்கு வணக்கம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடையாறில் ஒரு மாடி அறையில் அறிவியல் புனைகதை வாசகர்கள் 34 பேர் கூடினோம். மேடை இல்லை, பொன்னாடை இல்லை. எழுதுகிறவரும் படிக்கிறவரும் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். பாதிப் பேர் சுஜாதாவைப் படித்து இந்தப் பக்கம் வந்தவர்கள். ஜீனோ என்ற இயந்திர நாயின் பேச்சை எடுத்ததும், முன்பின் அறியாத ஒரு வங்கி ஊழியரும் ஒரு பள்ளி மாணவியும் டீயை ஆறவிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

கூட்டம் சிறியது என்று யாரும் குறைபடவில்லை. 1937 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், பிரம்மஞான சபையின் மண்டபத்தில் இப்படி ஒரு மாநாடு நடந்தது. வந்தவர்கள் 20 பேர் அளவில்தான். அவர்களில் ஒருவர், பின்னாளில் பெரிய அறிவியல் புனைகதை எழுத்தாளரான ஆர்தர் கிளார்க். அப்போது அவருக்கு 19 வயது. பூமிக்கு மேலே 3 செயற்கைக்கோள் இருந்தால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று 1945இல் எழுதியவர் அவர்தான். அதே சபையின் தலைமையகம் எங்கள் அடையாறில் இருப்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

சரி, மதியம் நாங்கள் ஆடிய ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். பூமியிலிருந்து செவ்வாய்க்கு ரேடியோ அலை போய்ச்சேர, இரண்டும் நெருங்கி இருந்தால் சுமார் 3 நிமிடம், சூரியனுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருந்தால் 22 நிமிடம் வரை ஆகும். நாங்கள் 12 என்று வைத்துக்கொண்டோம். அறையின் ஒரு மூலை மயிலாப்பூர், எதிர் மூலை செவ்வாய். நடுவில் ஒரு பையன் கடிகாரத்தோடு. எழுதிக் கொடுத்த சீட்டை 12 நிமிடம் வைத்திருந்துதான் அடுத்த மூலைக்குக் கொடுப்பான்.

மயிலாப்பூர் மூலையில் அம்மாவாக உட்கார்ந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. 'சாப்பிட்டியா கண்ணு?' என்று எழுதினார். அதே நேரத்தில் செவ்வாய் மூலையில் மகளாக இருந்த பெண், 'அம்மா, வெளிக்கதவு சரியாக மூடவில்லை, காற்று கசிகிறது' என்று எழுதிவிட்டாள். இரண்டு சீட்டும் வழியில் ஒன்றையொன்று கடந்தன. அம்மா அதைப் படிக்கும்போது கதவின் கதி 12 நிமிடத்துக்கு முன்பே முடிவாகியிருக்கும். 'மூடினாயா?' என்று கேட்டால் பதிலுக்கு இன்னும் 24 நிமிடம். அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். எத்தனையோ கதைகளில் படித்த எண் எனக்கு அன்றுதான் உறைத்தது.

காத்திருந்தபோது அவரே மெல்லச் சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் குவைத்தில இருந்தப்போ கேசட்டில பேசி அனுப்புவார். காய்ச்சல்னு சொல்லியிருப்பார். நான் கேட்கும்போது அது பத்து நாள் பழசு."

ஐந்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். காவலாளி வந்து நின்றார். செவ்வாயின் பதில் பையன் கையில் இருந்தது. கடிகாரத்தில் இன்னும் 4 நிமிடம் பாக்கி. யாரும் எழுந்திருக்கவில்லை. காவலாளியும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.