தவறிய குளிசையை வைத்தியரிடம் சொல்லுங்கள்

(யாழ்ப்பாணத்தில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மாரே, ஐயாமாரே, வணக்கம்.

தைரொயிட் குறைவுக்கு மருந்து எடுப்பவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருப்பீர்கள். விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு தைரொட்சின் குளிசை; கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி போதியளவு சுரக்காத ஓமோன்தான் அதில் இருக்கிறது. பிறகு அரை மணி, ஒரு மணி நேரத்துக்குத் தேநீரும் இல்லை, சாப்பாடும் இல்லை. பெரும்பாலானோருக்கு இது ஆயுள் முழுக்க. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் தாய்க்கும், இருட்டோடு தோட்டத்துக்கு இறைக்கப் போகிறவருக்கும் அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் அறிவேன். குளிசை தவறும். தவறுவதை நான் குற்றமாகப் பார்ப்பதில்லை. அதை வைத்தியரிடம் மறைப்பதுதான் என்னைக் கலங்க வைக்கிறது.

மறைத்தால் என்ன நடக்கும்? குருதிப் பரிசோதனையில் ரி.எஸ்.எச். கூடியிருக்கும்; தைரொயிட் ஓமோன் குறைந்தால் அதைத் தூண்ட மூளையடிச் சுரப்பி கூடுதலாக விடும் ஓமோன் அது. ஒழுங்காக எடுக்கிறீர்களா என்று வைத்தியர் கேட்பார், ஓம் என்பீர்கள். மருந்து போதவில்லை என்று எண்ணி, அவர் குளிசையின் அளவை 100 மைக்ரோகிராமிலிருந்து 125 ஆக்குவார். பின்பு வெளிநாட்டு மகள் வந்து நின்று, நாள் தவறாமல் குளிசையைக் கையில் தருவாள். அப்போது மருந்து மிஞ்சிவிடும். நெஞ்சு படபடக்கும், நித்திரை கெடும்; முதியவர்களுக்கு இதயத் துடிப்பே ஒழுங்கு தப்பலாம். நீண்ட காலம் மிஞ்சினால் எலும்பு நலியும்.

தைரொட்சின் உடம்பில் மெதுவாகவே குறையும். இன்று நிறுத்தினால், பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாள்கள் செல்லும். ஒரு நாள் தவறியதால் எதுவும் இடிந்து விழுவதில்லை. ஒருநாள் 50, மறுநாள் 75 என்று சிலருக்கு எழுதிக் கொடுப்பதும் இதனால்தான்: வாரத்தின் மொத்த அளவையே உடம்பு கணக்கில் எடுக்கிறது.

இந்த இயல்பை நம்பித்தான், நாளாந்தம் எடுக்க இயலாதவர்களுக்கு ஏழு நாளின் அளவை வாரத்தில் ஒரே தடவையாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தாதியின் கண்முன்னே விழுங்கச் செய்வதும் உண்டு. பலர் அதைத் தாங்கினார்கள். ஆனாலும் நாளாந்த மருந்தோடு ஒப்பிட்டபோது ரி.எஸ்.எச். சற்றுக் கூடுதலாகவே நின்றது. விழுங்கிய முதல் சில மணி நேரம் குருதியில் ஓமோன் உச்சத்துக்குப் போகும். இதய நோயாளருக்கு அது ஆபத்து. கர்ப்பிணிகளுக்கும், பிறவியிலேயே தைரொயிட் குறைந்த குழந்தைகளுக்கும் இந்த வழி உரியதல்ல. மற்றவர்களும் இதைத் தாமாகத் தொடங்கக் கூடாது. வைத்தியர் சொல்லித் தொடங்கினால், ஆறு தொடக்கம் எட்டு வாரங்களில் மீண்டும் குருதி பார்க்க வேண்டும். நாளாந்தம் முடிகிறவருக்கு நாளாந்தமே நல்லது. முடியாமல் மாதக்கணக்கில் மருந்தின்றித் தளர்ந்து, உடல் வீங்கிக் கிடப்பவருக்கு வாரக் குளிசை மிகப் பெரிய உதவி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதற்கு முன் வேறு வழிகளும் உண்டு. காலை ஒத்துவராவிட்டால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது எடுக்கலாம். வைத்தியரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளை இதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி வையுங்கள். சேர்த்து விழுங்கினால் தைரொட்சின் உடம்பில் சரியாகச் சேராது.

விரத நாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கந்தசஷ்டியின் ஆறு நாளும் மருந்தை நிறுத்திவிடும் அம்மாமார் நம்மிடையே இருக்கிறார்கள். அம்மா, இந்தக் குளிசை கேட்பதே வெறும் வயிற்றைத்தான்! ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்குங்கள். முருகன் கோபிக்க மாட்டான். தண்ணீரும் தொடாமல் பிடிப்பவர்கள், விரதம் தொடங்குமுன்னரே கிளினிக் கொப்பியோடு போய்க் கேளுங்கள்.

இளம் பெண்களுக்கு ஒன்று. பிள்ளை தங்கியது தெரிந்தவுடன், அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காதீர்கள். தொடக்க வாரங்களில் சிசு தாயின் ஓமோனையே நம்பியிருக்கிறது. தாய்க்கு வேண்டிய அளவு கால் பங்கு தொடக்கம் பாதி வரை கூடலாம். அந்த வாரமே வைத்தியரைப் பாருங்கள். தவறிய குளிசைகள் இருந்தால் அவரிடம் அதையும் சொல்லுங்கள்.