ஊர் வாயும் உலை வாயும்

தலைமை ஏற்றிருக்கும் மூத்த தமிழாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் கிளை நூலகர் அம்மா அவர்களே, சால்வைக்குப் பதில் புத்தகம் என்ற நல்ல வழக்கத்தை உண்டாக்கிய வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, செல்லூரிலிருந்தும் மேலூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

ஒரு நாவலின் கதை, நடை, அது கிடைக்கும் இடம். இந்த மூன்றையும் சொல்ல வந்தேன்.

பள்ளிக்கூடத்தில் 'கமலாம்பாள் சரித்திரம்' ஒரு மதிப்பெண் கேள்வி. எழுதியவர் பி. ஆர். ராஜம் ஐயர். ஊர் வத்தலக்குண்டு. 'விவேக சிந்தாமணி' மாத இதழில் 1893 முதல் 1895 வரை தொடர், 1896இல் புத்தகம். எழுதிக் கொடுத்துவிட்டு மறந்தோம். 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்பது முழுத் தலைப்பு. அதன் முன்பாதியில்தான் சாவி இருக்கிறது. அபவாதம் என்றால் வீண்பழி. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

நாவலில் மதுரை ஜில்லா சிறுகுளத்தில் கூடுகிற 'வம்பர் மகாசபை'யைப் பதினைந்து வயதில் படித்தால் சிரிப்பு வரும். ஐம்பதில் வராது. ஏன்? நம் தெருவில் நடப்பதைப் பாருங்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் "விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்கிறார்கள். தெருமுனையில் ஒருவரிடம் கேட்கிறார்கள். அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. "நல்ல குடும்பந்தான்..." என்று இழுக்கிறார். அந்த இழுப்பு டீக்கடைக்குப் போகிறது, அங்கிருந்து சம்பந்தி வீட்டுத் திண்ணைக்குப் போகிறது. மறுவாரம் தரகர் ஜாதகத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறார். காரணம் கேட்டால் யாருக்கும் தெரியாது! இதைப் பார்த்தவர்களுக்குத்தான், படித்த மனிதரான முத்துஸ்வாமி ஐயர் மனைவி கமலாம்பாள் மேல் விழுந்த பழியை நம்பி வீட்டைவிட்டுப் போவது புரியும். இதை எழுதத் தொடங்கியபோது ராஜம் ஐயருக்கு வயது 21. இருபத்தாறில், 1898இல், மறைந்துபோனார்.

மறுபடி படிப்பவர்கள் இடறும் இடம் இரண்டு. முதலாவது உறவுமுறைக் குழப்பம். முத்துஸ்வாமி ஐயரின் தம்பி சுப்பிரமணிய ஐயர், தம்பி மனைவி பொன்னம்மாள், முத்துஸ்வாமி ஐயரின் மகள் லக்ஷ்மி, மருமகன் ஸ்ரீநிவாசன் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். இரண்டாவது, பிற்பகுதியில் வரும் வேதாந்தம். அதைத் தாண்டிக் குதித்தால் முத்துஸ்வாமி ஐயர் எப்படித் தெளிந்தார் என்பதே கிடைக்காது. தொடராக வந்த கதை இது, ஒரே மூச்சில் விழுங்காதீர்கள். நாளுக்கு இரண்டு அத்தியாயம் போதும். சுருக்கப் பதிப்பைத் தொடாதீர்கள்.

நடைக்கு நேரமில்லை. நாவலில் வரும் தமிழாசிரியர் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை பேசும் இடங்களை வாய்விட்டுப் படியுங்கள், தானே விளங்கும்.

கிடைக்கும் இடத்துக்கு வருகிறேன். நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை இது. நம் பணத்தில் வாங்கும் அலமாரியில் இந்த மண்ணின் நாவல் சுருக்காமல், வெட்டாமல் இருக்க வேண்டாமா? பதிப்புரிமை எப்போதோ முடிந்த நூல், யாரும் அச்சிடலாம். ஊர் வாயை மூட முடியாது என்றேன். அந்த வாய் நூலகத்தில் புத்தகம் கேட்கட்டும். ஒவ்வொரு கிளை நூலகத்துக்கும் இரண்டு முழுப் பிரதி கேட்டு மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயர், நூலக உறுப்பினர் எண், கையெழுத்து மூன்றும் போட்டுவிட்டுப் போங்கள்.